அடுத்த வருஷம் நம்ம ஊரில் என்ன ஓடும்? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு கணிப்பு வழிகாட்டி

டிசம்பர் பிறந்தால் "வரும் ஆண்டின் பத்து டிரெண்டுகள்" என்று பட்டியல்கள் வரிசை கட்டி வரும். மும்பையையும் பெங்களூருவையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை அவை. பென்னாகரத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவருக்கும் ஊத்தங்கரையில் கல்யாண மண்டபம் நடத்துபவருக்கும் அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஆனால் கணிப்பு அவர்களுக்குத்தான் அதிகம் வேண்டும். தவறான சரக்கில் இரண்டு லட்சம் முடங்கினால் பெரிய கம்பெனி தாங்கும், பென்னாகரத்துக் கடை தாங்காது.

இந்த வழிகாட்டி அவர்களுக்காகத்தான். பள்ளி ஆசிரியர், நூலகர், மகளிர் குழு நடத்துபவர், ஊர்த் திருவிழாக் கமிட்டியில் இருப்பவர் என்று யாருக்கும் இது பயன்படும். ஜோதிடம் இதில் இல்லை. அடுத்த ஆண்டு நடக்கப்போவதில் பெரும்பங்கு இப்போதே முடிவாகிவிட்டது என்பதுதான் இதன் அடிப்படை. கல்யாண வயதுக்கு வரப்போகிறவர்கள் பிறந்து இருபது, முப்பது வருஷம் ஆகிவிட்டது. பஞ்சாங்கம் அச்சாகிவிட்டது. கம்பெனிகள் ஆள் எடுத்து விடுதியில் வைத்திருக்கின்றன. இதையெல்லாம் முதலில் படித்துவிட்டு, ரீல்ஸைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"அடுத்த ஆண்டு மக்கள் ரசனை எப்படி மாறும்?" என்று கேட்டால் எந்தப் பதிலும் சரியாகத்தான் இருக்கும், அதனாலேயே ஒன்றுக்கும் உதவாது. கேள்விக்குள் யார், எங்கே, எப்போது, எதற்குச் செலவு செய்வார்கள் என்ற நான்கும் இருக்க வேண்டும்.

ஒரு உதாரணத்தைக் கடைசிவரை கூட்டிப் போகலாம். பாலக்கோட்டில் ஒருவர் பந்தல், மேடை அலங்காரம், சீரியல் லைட் வாடகைக்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்க வேண்டியது: "வரும் தை முதல் ஆவணி வரை, பாலக்கோடு, காரிமங்கலம், மாரண்டஅள்ளி சுற்றுவட்டாரத்தில் கல்யாண வீட்டார் புதிதாக எதற்குப் பணம் கொடுப்பார்கள், எதை நிறுத்துவார்கள்?" இரண்டாம் பாதியை மறந்துவிடாதீர்கள். எது வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எது போகும் என்று கேட்பவர் குறைவு. ஆனால் குடோனில் தூங்கும் சரக்கு எல்லாமே போனவைதான்.

படி 2: எல்லாக் காலண்டரையும் ஒரே தாளில் எழுதுங்கள்

ஒரு பெரிய சார்ட் தாள் வாங்கி, பன்னிரண்டு மாதத்தையும் கட்டம் போடுங்கள். அதில் ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் குறியுங்கள். நம் பக்கத்தில் ஒரே காலண்டர் போதாது, அதுதான் விஷயம்.

தமிழ் பேசும் குடும்பங்களுக்கு ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதங்கள். ஓசூர், சூளகிரி, வேப்பனஹள்ளி, தளி பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் பார்ப்பது சந்திர மாதம். அதில் ஏறக்குறைய முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று மாதத்துக்கு ஒரு முறை அதிக மாசம் என்ற கூடுதல் மாதம் வரும், அப்போது சுப காரியம் வைக்க மாட்டார்கள். 2023-இல் அது ஜூலை 18-இலிருந்து ஆகஸ்ட் 16 வரை வந்தது. அந்த நாட்கள் பெரும்பாலும் ஆடியிலேயே அடங்கிவிட்டதால் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. 2026-இல் மே 17 முதல் ஜூன் 15 வரை. அதாவது கிட்டத்தட்ட வைகாசி முழுதும்! பாலக்கோட்டில் வைகாசி முகூர்த்தத்துக்கு ஆள் போதாமல் தவிக்கும்போது, ஓசூர்ப் பக்கம் பந்தல் சாமான் சும்மா கிடக்க வாய்ப்பு இருக்கிறது. அங்கிருந்து வாடகைக்கு எடுக்கலாம். இந்த ஒரு கணிப்புக்கு எந்த நிபுணரும் வேண்டாம், இரண்டு பஞ்சாங்கம் போதும்.

அடுத்து ரம்ஜான். ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். கிருஷ்ணகிரி நகரக் கடைவீதிக்கு இது பெரிய விஷயம். பர்கூர் ஜவுளிக் கடைகளுக்கும்தான்.

தை பிறந்தால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருது விடும் விழாக்கள் தொடங்கிவிடும். ஊர் ஊராகத் தேதி முன்பின் ஆனாலும் பருவம் மாறாது. மாசியில் சிவராத்திரியை ஒட்டி மயானக் கொள்ளை, காவேரிப்பட்டணத்தில் அது எப்படி நடக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பங்குனி, சித்திரை, வைகாசியில் மாரியம்மன் திருவிழாக்களும் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தும். ஆடி 18-க்கு ஒகேனக்கல். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள், கல்லூரிச் சேர்க்கை, தீபாவளி போனஸ். எல்லாவற்றையும் கட்டத்தில் போடுங்கள்.

தேர்தல் இருக்கும் ஆண்டானால் அதைச் சிவப்பில் எழுதுங்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு 2011-இல் ஏப்ரல் 13, 2016-இல் மே 16, 2021-இல் ஏப்ரல் 6. மூன்றுமே முகூர்த்தமும் ஊர்த் திருவிழாவும் நெருக்கியடிக்கும் பருவம். நடத்தை விதிகள் வந்துவிட்டால் ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் கையில் கொண்டுபோனால் பறக்கும் படை பிடித்துக்கொள்ளும். நகைக்கடைக்கும் ஜவுளிக்கும் கிளம்பிய கல்யாண வீட்டார், மாட்டுச் சந்தைக்குப் போகிறவர், மண்டியில் தக்காளிப் பணம் வாங்கி வருகிறவர் என்று எல்லோரையும் இது தொடும். ஃபிளெக்ஸ் அச்சகமும் மைக்செட்காரரும் கட்சி வேலையில் மூழ்கிவிடுவார்கள், கல்யாண வீட்டு பேனர் தாமதமாகும். இதுவும் கணிப்புதான்.

தாளில் இரண்டு காலண்டர் ஒரே வாரத்தில் மோதும் இடங்களைச் சுற்றி வட்டமிடுங்கள். செய்தியும் வியாபாரமும் சச்சரவும் பிறப்பது அங்கேதான்.

படி 3: பிறப்புக் கணக்கைப் பாருங்கள்

சமூகப் போக்குகளில் மிக உறுதியாகக் கணிக்கக்கூடியது இது. மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அன்றைய தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். கிருஷ்ணகிரியும் அப்போது அதில் சேர்ந்தே இருந்தது, 2004 பிப்ரவரியில்தான் தனி மாவட்டம் ஆனது. பெண் சிசுக்கொலையும் கருவிலேயே அழிப்பதும் விட்டுச்சென்ற எண் அது. வளர்க்க முடியாத குழந்தையை அரசின் தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்து 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் நீட்டிக்கப்பட்டதன் பின்னணியும் அதுதான்.

அந்தக் குழந்தைகளின் வயதை 2026-க்குக் கூட்டிப் பாருங்கள். இருபத்தைந்திலிருந்து முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. சரியாக மாப்பிள்ளை பார்க்கும் வயது. பையனைவிட இரண்டு மூன்று வயது குறைந்த பெண்ணைத் தேடுவார்கள் என்பதால் கணக்கு கொஞ்சம் இளகும், ஆனால் பற்றாக்குறை போய்விடாது. "என் பையனுக்குப் பொண்ணே அமைய மாட்டேங்குது" என்று ஒவ்வொரு தெருவிலும் கேட்கிற புலம்பலுக்கு ஜாதகத்தில் மட்டும் காரணம் தேடாதீர்கள்.

இதிலிருந்து என்னென்ன வரும்? பெண் வீட்டாரின் நிபந்தனை கூடும்: சொந்த வீடு, மாதச் சம்பளம், விவசாயம் மட்டும் என்றால் வேண்டாம். நிச்சயதார்த்தச் செலவில் மாப்பிள்ளை வீட்டின் பங்கு ஏறும். புரோக்கருக்குக் கிராக்கி. தூரத்து மாவட்டத்திலிருந்து, கர்நாடகத்திலிருந்து பெண் எடுப்பது கூடும். முன்பெல்லாம் ஒத்துக்கொள்ளாத உட்பிரிவுக்குள் சம்பந்தம் பேசுவார்கள். இன்னொரு பக்கம் கசப்பானதும் உண்டு. பெண் கிடைக்காத இடத்தில் சின்ன வயதிலேயே பேசி முடித்துவிடும் அழுத்தம் வரும். குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியாத மாவட்டங்கள் இவை. ஆசிரியரோ மகளிர் குழுத் தலைவியோ இந்தக் கணிப்பைச் செய்தால், பொதுத் தேர்வு முடிந்த கோடை விடுமுறை மாதங்களில் கண்காணிப்பைக் கூட்ட வேண்டும் என்பதுதான் அதன் பயன். தகவல் சொல்லக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் அதே எண் 913-ஆக ஏறியது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தக் குழந்தைகள் கல்யாண வயதுக்கு வர 2030-களின் நடுப்பகுதி ஆகிவிடும். ஆக, இந்தப் போக்கு அடுத்த ஆண்டும் மாறாது, அதற்கடுத்த ஆண்டும் மாறாது என்று துணிந்து எழுதலாம். புதிய கணக்கெடுப்பின் அடிப்படைத் தேதி 2027 மார்ச் 1. அதன் மாவட்டவாரி எண்கள் வெளியானதும் முதலில் இந்தப் பகுதியைத் திருத்துங்கள்.

இதே முறையில் உங்கள் ஒன்றியத்தில் ஒன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் சேர்கிறார்கள், பிளஸ் டூ எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று பக்கத்துப் பள்ளிகளில் விசாரியுங்கள். ஸ்டேஷனரிக் கடைக்கும் டியூஷன் சென்டருக்கும் காதுகுத்து மண்டபத்துக்கும் பதில் அங்கே இருக்கிறது.

படி 4: பணம் யார் கைக்கு வருகிறது?

ரசனை பணத்தின் பின்னால்தான் போகும். பத்து வருஷத்துக்கு முன் செலவை முடிவு செய்தவர் யார், இப்போது யார் என்று கேட்டாலே பாதிக் கணிப்பு கிடைத்துவிடும்.

நம் பக்கத்தில் பெரிய மாற்றம் பெண்கள் கையில் மாதச் சம்பளம் வந்ததுதான். ஓசூர் அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் பெரும்பான்மை பெண்கள். போச்சம்பள்ளி சிப்காட்டில் மின் ஸ்கூட்டர் ஆலை அமைத்தபோது, அதை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா நிறுவனம் 2021-இல் அறிவித்தது. காலை இருட்டோடு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களை அரூர், மத்தூர் சாலைகளில் பார்க்கலாம். இருபது, இருபத்திரண்டு வயதில் சொந்தக் கணக்கில் சம்பளம் விழும் பெண், கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப்போடச் சொல்லலாம். தம்பி படிப்புக்குக் கட்டலாம், ஸ்கூட்டர் தவணை எடுக்கலாம். முகூர்த்தப் புடவை நிறத்தைத் தானே சொல்லுவாள். நம் பாலக்கோட்டுப் பந்தல்காரரிடம் முன்பு பேரம் பேசியது பெண்ணின் அப்பாவும் பெரியப்பாவும். இனி பெண்ணே போனில் படம் அனுப்பி "இந்த மாதிரி வேணும்" என்பாள். பேரம் பேசும் ஆள் மாறினால் சரக்கும் மாற வேண்டும்.

அரசின் பணமும் இதே திசையில்தான் வருகிறது. மகளிருக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதத்திலிருந்து. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலிருந்து. மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு 2023 ஜூலை 24-இல் தொடங்கி வைக்கப்பட்டதே நம் தொப்பூரில்தான். மாதம் ஆயிரம் ரூபாய் என்பது பெரிய தொகை இல்லை என்பார்கள். ஆனால் குழுச் சீட்டு கட்டவும், பிள்ளைக்குச் செருப்பு வாங்கவும், யாரிடமும் கேட்காமல் சந்தைக்குப் போகவும் அது போதும். வாரச் சந்தையில் எந்தக் கடை முன் கூட்டம் கூடியிருக்கிறது என்று பாருங்கள், தெரியும்.

விவசாயப் பணத்துக்கு வேறு கணக்கு. கிருஷ்ணகிரியில் மே முதல் ஜூலை வரை மாங்காய். அந்தப் பணம் ஆடியில் கையில் தங்கி ஆவணிக் கல்யாணத்தில் இறங்கும். பெங்களூரா ரக மாங்காய் கூழ் ஆலைகளை நம்பியிருக்கிறது, ஆலை விலை சரிந்தால் ஆவணி சோர்ந்துவிடும். 2025 பருவத்தில் விலை விழுந்ததை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஜூன் மாத மண்டி விலையைக் கேட்டுவிட்டு ஆவணிக்கு ஆர்டர் எடுங்கள். ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி அப்படி இல்லை. 2023 ஜூலையில் ஒரே மாதத்தில் சிலர் நிமிர்ந்தார்கள், அடுத்த சில வாரத்தில் விலை இறங்கியது. திடீர்ப் பணம் பைக்காகவும் போனாகவும் கடன் அடைப்பாகவும் மாறும். அதை வைத்து வருஷக் கணிப்பு போடாதீர்கள்.

தங்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சவரன் 2020 ஜூலை இறுதியில் 40,000 ரூபாயைத் தாண்டியது, 2025 ஏப்ரலில் 70,000. ஐந்து வருஷத்தில் கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. சவரன் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லக் கூச்சப்படும் குடும்பங்கள் வேறு எதையாவது பெரிதாகக் காட்டும். மேடை, சாப்பாடு, வீடியோ என்று ஏதாவது ஒன்றை. மேடை அலங்காரத்துக்கு நல்ல காலம் என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 5: எந்த ரோட்டில் வருகிறது?

புதுப் பழக்கம் வானத்திலிருந்து குதிப்பதில்லை, ரோட்டில் வருகிறது. ஓசூருக்கு பெங்களூரு, தருமபுரிக்கு சேலம், ஊத்தங்கரைக்கு திருப்பத்தூரும் திருவண்ணாமலையும், பர்கூருக்கு வேலூர்ப் பக்கம். உங்கள் ஊரின் "மேல் ஊர்" எது என்று கண்டுபிடியுங்கள். கல்யாணப் பட்டு எடுக்க எங்கே போகிறார்கள், ஆஸ்பத்திரிக்கு எங்கே, பிள்ளைகள் வேலைக்கு எங்கே என்று மூன்று கேள்வி கேட்டால் விடை கிடைக்கும். அந்த ஊரில் இப்போது சாதாரணமாகிவிட்டதுதான் உங்கள் ஊருக்கு அடுத்தது. ஹல்தி விழா பெங்களூருவிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகக் கிராமத்துக்கு இறங்கியதைக் கவனித்தவர்களுக்கு இது புரியும்.

வடமாநிலத் தொழிலாளர்கள் வந்தபின் ஓசூரில் தனியாக ஒரு ஓட்டம் இருக்கிறது. தீபாவளிக்கு ஆறாம் நாள் சட் பூஜை, மோமோ வண்டி, இந்தியில் எழுதிய வாடகை அறிவிப்பு. இதில் எது உள்ளூர்க்காரர்களிடம் ஒட்டும்? சாப்பாடு முதலில் ஒட்டும், உடை அப்புறம், சடங்கு மிக மெதுவாக.

எதிர்த் திசையிலும் ஓட்டம் உண்டு. கேழ்வரகுக் களி ஒரு காலத்தில் ஏழ்மையின் அடையாளம். 2023-இல் சர்வதேச சிறுதானிய ஆண்டு வந்தது, அதே ஆண்டு தருமபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டமும் வந்தது. இப்போது வசதியான வீட்டு வரவேற்பில் களிக்கும் நாட்டுக்கோழிக் குழம்புக்கும் தனி கவுண்டர் போடுகிறார்கள். கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போய், அங்கே மதிப்பு ஏறித் திரும்பி வருவது இந்த வகை. சாமை, பம்பை, தெருக்கூத்து எல்லாவற்றையும் இந்தக் கோணத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நடந்து முடிந்ததையும் அறிவிக்கப்பட்டதையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கியது. அது நடந்தது. ஓசூரிலிருந்து தினமும் போய்வருபவரின் வாழ்க்கையை இப்போதே தொடுகிறது. ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் சொன்னது அறிவிப்பு. அறிவிப்பு விமானத்தைக் கொண்டுவருமுன் பிளாட் போர்டைக் கொண்டுவரும். அடுத்த ஆண்டுக்கு நீங்கள் கணிக்க வேண்டியது அந்த போர்டை.

படி 6: யாரிடம் கேட்பது

சர்வே படிவம் வேண்டாம். "அடுத்த வருஷம் என்ன வாங்குவீங்க?" என்று கேட்டால் மனிதர்கள் மரியாதைக்கு ஏதாவது சொல்லுவார்கள். அட்வான்ஸ் வாங்குபவரிடம் கேளுங்கள், அவருக்குத்தான் உண்மை தெரியும். மண்டப மேனேஜர், சமையல் மாஸ்டர், தையல்கடை அக்கா, ஃபிளெக்ஸ் டிசைன் போடும் தம்பி, பத்திரிகை அச்சகம், போட்டோ ஸ்டூடியோ, செண்டை மேளத்துக்கும் பம்பைக்கும் ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ட். தையல்கடையில் ஒரு நல்ல கேள்வி: "அக்கா, இப்ப எந்த டிசைனைத் தைக்க மாட்டேன்னு சொல்லி அனுப்பறீங்க?" இன்னும் அவருக்கே கைவராத, ஆனால் கேட்டு வருபவர்கள் இருக்கிற விஷயம் அந்தப் பதிலில் இருக்கும். சமையல் மாஸ்டரிடம் இலையில் எது மிச்சமாகிறது என்று கேளுங்கள். போகப்போவது என்ன என்று அவர் சொல்லிவிடுவார்.

பக்கத்து வீட்டுக்காரர் செய்வதுதான் விளம்பரத்தைவிட வலுவானது என்பதற்குப் பழைய ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இரண்டு ஊர்களைச் சேர்ந்த 259 விவசாயிகள் கலப்பின மக்காச்சோள விதைக்கு எப்படி மாறினார்கள் என்று ரையன், கிராஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1943-இல் எழுதினார்கள். விதையைப் பற்றிப் பலருக்கும் முதலில் சொன்னவர் விற்பனையாளர், வாங்க வைத்தது அக்கம்பக்கத்தார். கேள்விப்பட்டதற்கும் முழுக்க மாறியதற்கும் நடுவே பல வருஷம். கடைசியில் இரண்டு பேர் தவிர எல்லோரும் மாறிவிட்டார்கள். ஆகவே ஊரில் ஒருவர் செய்தார் என்பது செய்தி மட்டும்தான். அவருடைய சொந்தக்காரரோ பங்காளியோ அடுத்துச் செய்தால் அதைப் போக்கு என்று எழுதலாம்.

படி 7: இலவச எண்கள்

போனிலேயே பார்க்கலாம். மத்தியப் போக்குவரத்துத் துறையின் வாகன் தளத்தில் எந்த ஆர்டிஓ அலுவலகத்தில், எந்த மாதம், எந்த எரிபொருளில் எத்தனை வண்டி பதிவாயின என்று இருக்கிறது. ஆர்டிஓ எண் கிருஷ்ணகிரிக்கு 24, தருமபுரிக்கு 29, ஓசூருக்கு 70. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மின் ஸ்கூட்டரின் பங்கைப் பாருங்கள். புதுமை நெடுஞ்சாலையில் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் நமக்கு இல்லை.

கூகுள் டிரெண்ட்ஸில் தமிழ்நாடு, ஐந்து ஆண்டு என்று வைத்துத் தேடுங்கள். தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் இரண்டு தடவை. அங்கே வரும் 100 என்பது தேடியவர் எண்ணிக்கை இல்லை. அந்தக் காலத்தின் உச்சம்தான் 100, மற்றவை அதை ஒப்பிட்டு வருபவை. ஒவ்வொரு தைக்கும் ஏறி இறங்குவது பருவம். இறங்கும்போதும் போன வருஷ மட்டத்துக்கு மேலேயே நின்றால் அது வளர்ச்சி.

படி 8: ஓடுமா, ஓயுமா?

ரீல்ஸைப் பார்க்கும் நேரம் இதுதான். நிற்குமா என்று சந்தேகம் வரும் ஒவ்வொரு புதுப் பழக்கத்தையும் மூன்று கேள்வியால் சலியுங்கள். கட்டாயம் நடக்கும் ஒரு சடங்கில் அது ஒட்டிக்கொள்கிறதா? நேரத்தையோ ஆளையோ மிச்சப்படுத்துகிறதா? ஒரு முறை செய்த வீடு இரண்டாம் விசேஷத்துக்கும் கேட்கிறதா?

வளைகாப்பு மேடை அலங்காரத்துக்கு மூன்றுமே ஆம், நிற்கும். புகை மெஷின், குளிர் வெடி: சடங்கோடு ஒட்டாது, மிச்சமும் இல்லை, இரண்டாம் முறை சலித்துவிடும். வாங்காதீர்கள், வாடகைக்கு எடுத்து விடுங்கள். மொய்க்கு கியூஆர் அட்டை: நேரம் மிச்சம், வெளியூர்ச் சொந்தத்துக்கு வசதி. ஆனால் மொய் நோட்டில் பெயர் எழுதுவதை அது ஒழிக்காது, இரண்டும் சேர்ந்தே ஓடும். திரும்பச் செய்ய வேண்டிய கணக்கு அல்லவா அது!

படி 9: எதிர்த்து நிற்பது எது?

ஒவ்வொரு போக்குக்கும் எதிரே யாரோ நிற்பார்கள். அதை எழுதாத கணிப்பு பாதிதான். டிஜேக்கு எதிரே போலீஸ் அனுமதியும் பரீட்சைக் காலமும். எருது விடும் விழாவுக்கு உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் ஜல்லிக்கட்டுச் சட்டத்தை உறுதிசெய்தது பலம், ஆனாலும் ஒவ்வொரு ஊரும் அனுமதிக்கு அலைய வேண்டும். 2023 பிப்ரவரியில் ஓசூர் அருகே கோபசந்திரத்தில் அனுமதி தாமதமானதும் நெடுஞ்சாலை மறியலாகிக் கல்வீச்சு வரை போனது. கூட்டம் கூடிய பின் "இன்று இல்லை" என்று சொன்னால் என்ன ஆகும் என்பதை அடுத்த ஆண்டுக்கும் கணிக்கலாம்.

சாதியைப் பேசாமல் இந்த மாவட்டங்களின் சமூகப் போக்கைக் கணித்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெண்கள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், கையில் போன் இருக்கிறது. தாமே துணை தேடுவது கூடும் என்பதில் சந்தேகமே இல்லை. எதிரே நிற்பது எவ்வளவு கொடூரமாகும் என்பதற்கு 2012 நவம்பர் 7 இருக்கிறது. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து தருமபுரி நாய்க்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. இந்த இடத்தில் கணிப்பைக் கடை வியாபாரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது தகவலாகச் சேர்க்க வேண்டிய விஷயமே அல்ல.

படி 10: எண்ணாக எழுதுங்கள்

"வரலாம்", "வாய்ப்பிருக்கிறது" இரண்டையும் நோட்டில் தடை செய்யுங்கள். பிலிப் டெட்லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 284 நிபுணர்களின் அரசியல், பொருளாதாரக் கணிப்புகளை ஏறக்குறைய இருபது வருஷம் சேர்த்துவைத்துச் சரிபார்த்தார். "இருப்பது அப்படியே தொடரும்" என்ற எளிய விதியைக்கூட அவர்களால் பெரிதாக மிஞ்ச முடியவில்லை. அதிகம் பேட்டி கொடுத்த பிரபலங்கள் இன்னும் மோசம். ஆக, உங்கள் தொடக்கப் புள்ளி எப்போதும் "போன வருஷம் மாதிரியே". அதிலிருந்து விலக ஒவ்வொரு முறையும் காரணம் எழுத வேண்டும்.

நம் பந்தல்காரரின் நோட்டு இப்படி இருக்கலாம்:

வைகாசியில் வரும் ஆர்டரில் பாதிக்கு மேல் மணப்பெண்ணோ மாப்பிள்ளையோ நேரடியாகப் படம் அனுப்பிப் பேசுவார்கள்: 80 சதவீதம்.
மண்டபம் தவிர்த்து வீட்டு வாசலிலேயே வளைகாப்பு மேடை கேட்பவர்கள் போன வருஷத்தைவிடக் கூடுவார்கள்: 70.
தேர்தல் வந்தால், வாக்குப்பதிவுக்கு முந்தைய இரண்டு வாரத்தில் ஒரு ஆர்டராவது ஃபிளெக்ஸ் தாமதத்தால் சிக்கலாகும்: 75.
முழுக்க நிஜப் பூ மேடை கேட்பவர்கள் கூடுவார்கள்: 35. ஓசூர் ரோஜா பக்கத்தில் கிடைத்தாலும் முகூர்த்த நாளில் விலை எகிறும், பிளாஸ்டிக் பூவைத் துவைத்துத் திரும்பக் கட்டலாம்.

ஒவ்வொன்றுக்கும் கீழே தேதியும், எதைப் பார்த்து நடந்தது, நடக்கவில்லை என்று முடிவு செய்வது என்பதும் இருக்க வேண்டும்.

மதிப்பெண் போடும் முறை சுலபம். 70 சதவீதம் என்றால் 0.7. நடந்தால் அதை 1-இலிருந்து கழித்து வர்க்கப்படுத்துங்கள்: 0.09. நடக்கவில்லை என்றால் 0.7-இன் வர்க்கம்: 0.49. எல்லாவற்றையும் கூட்டி எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வரும். எதற்கெடுத்தாலும் 50 சதவீதம் என்று எழுதுகிறவருக்கு 0.25 கிடைக்கும். உங்களுடையது அதற்குமேல் போனால், நாணயத்தைச் சுண்டிவிட்டவரே உங்களைவிடத் தேவலை.

படி 11: ஆடியில் உட்காருங்கள்

வருஷக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம். கல்யாண வேலை ஓய்ந்து, கடையில் ஈ ஓட்டும் ஆடி மாதம் இதற்குச் சரியான நேரம். மாங்காய் விலை தெரிந்திருக்கும், கல்லூரிச் சேர்க்கை முடிந்திருக்கும், ஆவணிக்கு அட்வான்ஸ் வரத் தொடங்கியிருக்கும். தவறிய கணிப்புகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: திசையே தவறு, திசை சரி ஆனால் வேகம் தவறு, யாரும் எதிர்பார்க்க முடியாத மழை, நோய், கலவரம். மூன்றாவதைக் கணக்கில் சேர்த்து மனம் சோராதீர்கள். இரண்டாவதுதான் மற்ற இரண்டையும்விடப் பெரிதாக இருக்கும், காரணம் பெரும்பாலும் படி 5: மேல் ஊரைப் பார்த்துவிட்டு நம் ஊருக்கு அடுத்த மாதமே வந்துவிடும் என்று எழுதியிருப்பீர்கள். அந்தக் குவியலில் உள்ளவற்றின் சதவீதத்தைத் தொடாமல், தேதியை மட்டும் ஒரு வருஷம் தள்ளிவைத்து அடுத்த சார்ட் தாளில் ஏற்றுங்கள்.